கேலரி கேப்டன்

சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால் இரு அணிக்கும் ஆளுக்கொரு கேப்டன் உண்டு. மூன்றாவது கேப்டன் டிக்கெட் வாங்கிக்கொண்டு கேலரிக்கு வருவார். வயது அறுபதுக்கு மேல். தலையில் தொப்பி, கழுத்தில் ஈரத்துண்டு. டாஸ் முடிந்ததுமே தலையில் அடித்துக்கொள்வார். "பிட்ச் நாலாம் நாள் பொடிப்பொடியா உதிரும் சார். இதுல போய் ஃபீல்டிங் எடுப்பானா?"

"நம்மாளு பேட்டிங்தான் சார் எடுத்திருக்கான்."

"எடுத்துத்தானே ஆகணும்? வேற வழி?"

ஆட்டக்காரர்களிடம் அவர் நேரடியாகவே பேசுவார். மாடியிலிருக்கும் பிள்ளையைத் தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்கிற அதே குரல்தான். "ஜடேஜா, ஓவர் தி விக்கெட் வாப்பா. லெக் ஸ்டம்புக்கு வெளியே ரஃப் கிடக்கு பார், அதுல போடு." ஜடேஜா வரமாட்டார். "கேக்கமாட்டான்" என்று நம் பக்கம் திரும்பிச் சொல்வார். அரை மணி கழித்து ஜடேஜா தற்செயலாக அந்தப் பக்கம் மாறினால் போதும். வரிசை முழுவதையும் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் மோர் வாங்கப் போய்விடுகிறார்கள்.

எண்பது ஓவர் நெருங்கும்போதுதான் அவருடைய மேதைமை முழுதாக வெளிப்படும். "புதுப் பந்தை எடுக்காம எதுக்குடா காத்திருக்கீங்க?" எடுத்தார்கள். இரண்டாவது பந்து கவர் பக்கம் பவுண்டரி. "பழைய பந்து நல்லா திரும்பிக்கிட்டிருந்தது. யாரு இப்ப இதை எடுக்கச் சொன்னது?" எடுக்கச் சொன்னவர் யாரென்று வரிசையில் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறக்கிற துணிச்சல் ஒருவருக்கும் கிடையாது. காலை முழுக்க லெக் ஸ்லிப் கேட்டு நச்சரிப்பார். ஷார்ட் லெக்கிலிருந்த ஆளையே அங்கே அனுப்பினால், அடுத்த பந்து கையுறையில் பட்டு, காலியான ஷார்ட் லெக்கில் போய் விழும். அந்தப் பாவமும் கேப்டன் தலையில்தான்.

கிண்டல் செய்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டிவியில் பத்து கோணத்தில் பார்ப்பவனுக்குத் தெரியாத ஃபீல்டிங் மாற்றம் இவர் கண்ணில் உடனே பட்டுவிடும்.

இவரிடம் 1986 பற்றி மட்டும் வாயைக் கொடுக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்த டெஸ்ட் இதே மைதானத்தில் 'டை' ஆனது. டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தாரே என்று நாம் உருகினால், "அதே வெயில்லதான் நானும் அஞ்சு நாள் உக்காந்திருந்தேன். வாந்தியா எடுத்தேன்?" என்பார். மேத்யூஸ் வீசிய கடைசி ஓவரில் இந்தியாவுக்கு வேண்டியது நாலு ரன். இரண்டாவது பந்தில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று என ரவி சாஸ்திரி ஸ்கோரைச் சமன் செய்தார். ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ.

"சாஸ்திரி அந்த ஒத்தை ரன்னை ஓடியிருக்கவே கூடாது. கடைசி ஆளை மேத்யூஸ்கிட்ட மாட்டிவிடறதா?"

"ஓடாம அவரே அவுட்டாகியிருந்தா தோல்விதானே சார்?" என்றான் பக்கத்தில் ஒரு பையன்.

"நீ அப்ப பொறந்திருந்தியா தம்பி?"

விவாதம் அதோடு முடிந்தது.

1999-இல் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றதிலும் இதே கதைதான். முதுகுவலியோடு 136 எடுத்த டெண்டுல்கர், வெற்றிக்கு 17 ரன் இருக்கும்போது சக்லைன் முஷ்டாக்கைத் தூக்கி அடித்து அவுட்டானார். "ஒண்ணு ஒண்ணா எடுத்திருக்கலாம்" என்று இன்றுவரை பொருமுகிறார். "இறங்கி அடிடா" என்று அன்று தொண்டை கிழியக் கத்தியவரும் இவரே என்று உடன் வந்த நண்பர் என் காதில் சொன்னார். ஆனால் ஆட்டம் முடிந்ததும் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டிய கூட்டத்தில் இவரும் இருந்தார். அன்றைய பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரமின் ஃபீல்டிங் அமைப்பில் மட்டும் இவர் இதுவரை குறை சொன்னதில்லை.

அடுத்த டெஸ்டுக்குப் போகிறவர்கள் இவருக்கு இரண்டு வரிசை முன்னால் இடம் பிடியுங்கள். பேச்சு முழுக்கக் காதில் விழும். பக்கத்தில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், தேநீர் இடைவேளைக்குள் உங்களை ஸில்லி பாயிண்டில் நிறுத்திவிடுவார்.