கணக்குத் தீர்க்கும் ஆசை: கேள்வி – பதில்

கே: பழிவாங்கப் போகிறோம் என்று நினைக்கும்போதே ஏன் இவ்வளவு இனிக்கிறது? (ஒரு வாசகி, கும்பகோணம்)

ப: நினைக்கும்போதுதான் இனிக்கும். 2004-ல் சூரிக் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டு பேர் காசு வைத்து ஆடும் ஆட்டம். ஒருவர் நம்பிக் காசைக் கொடுப்பார். மற்றவர் பெருகிய காசில் பாதியைத் திருப்பித் தரலாம், மொத்தத்தையும் சுருட்டிக்கொள்ளவும் செய்யலாம். சுருட்டியவரை நீங்கள் தண்டிக்கலாம் என்று ஏமாந்தவரிடம் சொல்லி, அவர் முடிவெடுக்கும் நேரத்தில் மூளையைப் படம் பிடித்தார்கள். நல்ல சாப்பாடோ பணமோ வரப்போகிறது என்றால் எந்தப் பகுதி விழித்துக்கொள்ளுமோ, அதே பகுதி விழித்தது. அது அதிகம் விழித்தவர்கள், எதிராளியைத் தண்டிக்கத் தங்கள் கைக்காசை அதிகம் இழக்கவும் தயாராக இருந்தார்கள். இலை போட்டாயிற்று, சோறு இன்னும் வரவில்லை; அந்த நேரத்து நாவூறல் அது. வள்ளுவர்கூடப் பொறையுடைமை அதிகாரத்தில், தண்டித்தவனுக்கு இன்பமே கிடையாது என்று மறுக்கவில்லை. அதன் ஆயுளை மட்டும் அளந்து சொன்னார்.

கே: நாய் கடித்தால் நாம் திருப்பிக் கடிப்பதில்லை. மனிதன் கடித்தால் மட்டும் ஏன்? (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

ப: நாய்க்கு நம்மை அவமதிக்கத் தெரியாது என்பது நமக்குத் தெரியும். 2003-ல் அமெரிக்காவில் இதையே காசு வைத்துச் சோதித்தார்கள். 10 டாலர் இருக்கிறது. ஒருவர் பங்கு சொல்வார், மற்றவர் ஒப்புக்கொண்டால் அப்படியே பிரிக்கலாம். மறுத்துவிட்டால் இருவருக்குமே ஒன்றும் கிடையாது. ‘எனக்கு ஒன்பது, உனக்கு ஒன்று’ என்று ஒரு மனிதர் சொன்னால், வருகிற ஒரு டாலரையும் உதறிவிட்டு எழுந்தவர்கள் ஏராளம். அதே ஒரு டாலரைக் கணினி நீட்டியபோது வாங்கிக்கொண்டவர்கள் கூடுதல். ஆக, நஷ்டம் ஒன்றுதான். ‘நீ இவ்வளவுதான்’ என்று இன்னொரு மனிதர் நம்மை எடைபோட்டதைத்தான் தாங்க முடிவதில்லை.

கே: பழி தீர்த்துவிட்டால் மனசு ஆறிவிடுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்)

ப: ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். 2002 ஜூலை 1 இரவு, தெற்கு ஜெர்மனியில் யூபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே ஒரு பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதின. 71 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரஷ்யப் பள்ளிக் குழந்தைகள். விட்டாலி கலோயெவ் என்ற கட்டடக் கலைஞரின் மனைவியும் மகனும் மகளும் அதில் இருந்தார்கள். ஸ்பெயினில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவரைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தார்கள். விழுந்த இடத்துக்கே போய்த் தன் மகளின் உடலைத் தேடி எடுத்தார் அந்த அப்பா.

அந்த வான்பகுதியின் விமானப் போக்குவரத்து சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டில் இருந்தது. அன்றிரவு ஒரே ஒரு ஆள் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடன் வேலை செய்தவர் ஓய்வுக்குப் போயிருந்தார். தொலைபேசி இணைப்பிலும் எச்சரிக்கைக் கருவியிலும் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. தவறு அந்த நிறுவனம் முழுக்கப் பரவிக் கிடந்தது. ஆனால் நிறுவனத்துக்கு முகம் இல்லை, அந்த ஊழியருக்கு இருந்தது. 2004 பிப்ரவரி 24 அன்று, சூரிக்கை ஒட்டிய குளோட்டனில், கலோயெவ் அவர் வீட்டு வாசலுக்குப் போனார். மன்னிப்புக் கேட்க வைக்கத்தான் போனேன், குழந்தைகளின் படங்களை நீட்டினேன், அவர் என் கையைத் தள்ளிவிட்டார் என்று பிறகு சொன்னார். அந்த ஊழியர் கத்திக்குத்தில் தன் வீட்டு வாசலிலேயே இறந்தார். அவருக்கும் மனைவி இருந்தார், மூன்று குழந்தைகள் இருந்தார்கள்.

விசாரணை அறிக்கை அந்த மே மாதம் வெளிவந்தது. நிறுவனம் பொறுப்பேற்று, இறந்தவர்களின் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது. மூன்று மாதம் முன்னால் வந்திருக்க வேண்டிய வார்த்தை. இதை எழுதும்போது எனக்குக் கோபமும் துக்கமும் சேர்ந்தே வருகின்றன, யார் பக்கம் என்று பிரிக்க முடியவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களை ஏமாற்றியவரைத் தண்டித்தவர்கள், தண்டிக்க வாய்ப்பே கிடைக்காதவர்களைவிட மனம் கசந்திருந்தார்கள். அந்த எதிராளியையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டும் இருந்தார்கள். வாய்ப்புக் கிடைக்காதவர்களோ விஷயத்தை மறந்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஜெர்மனியில் நடந்த வேறொரு ஆய்வு இன்னும் நுட்பமானது. அதில் பழிக்குப் பிறகு மனம் நிறைந்தவர்கள், ‘நான் செய்ததற்குத்தான் இது’ என்று எதிராளியே புரிந்துகொண்டதாகச் செய்தி வரப்பெற்றவர்கள். எதிராளி துன்பப்பட்டால் மட்டும் போதவில்லை. கத்தியோடு போகிறவனுக்கும் உள்ளே தேவைப்படுவது அந்த ஒரு வார்த்தைதான் என்று நான் நம்புகிறேன். அதைக் கத்தி வாங்கித் தராது.

கே: அவன் அடித்த அளவுக்குத்தான் நானும் அடித்தேன். சண்டை மட்டும் ஏன் பெரிசாகிக்கொண்டே போகிறது? (பெயர் வேண்டாம், தேனி)

ப: நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் கைதான் ஏமாற்றுகிறது. லண்டனில் 2003-ல் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் விரலை மற்றவர் கருவி மூலம் அழுத்தச் சொன்னார்கள். ‘உனக்கு எவ்வளவு அழுத்தமாகத் தெரிந்ததோ அவ்வளவே திருப்பிக் கொடு’ என்பதுதான் விதி. இருவருமே சரியாகச் செய்வதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அழுத்தம் சராசரியாக 38 சதவீதம் கூடியது. அந்தக் கணக்கில் நான்கு முறை கைமாறினாலே மூன்றரை மடங்கைத் தாண்டிவிடும். நம் கை கொடுக்கும் அழுத்தத்தை மூளை குறைத்தே உணர்கிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் அதனால்தான். ‘லேசாத்தான் தட்டினேன்’ என்று அம்மாவிடம் சொன்ன ஒவ்வொரு அண்ணனும் உண்மையே பேசியிருக்கிறான். அழுத தம்பியும் அப்படியே.

கே: கண்ணுக்குக் கண் என்பது காட்டுமிராண்டிச் சட்டம்தானே? (வாசகர், ஈரோடு)

ப: அதை உச்சவரம்பு வைத்த சட்டமாகவும் பார்க்கலாம். ஒரு கண் போனதற்கு ஒரு குடும்பத்தையே அழிக்கக் கிளம்புகிறவனுக்கு, ஒரு கண்ணோடு நிறுத்து என்பது பெரிய கட்டுப்பாடு. பாபிலோனின் ஹம்முராபி ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன் கல்லில் செதுக்கிவைத்தது அது. அந்தக் கல் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆனால் சமமானவர்களுக்குள்தான் கண்ணுக்குக் கண். எளியவனின் கண்ணைப் பறித்தால் வெள்ளியை எடைபோட்டுக் கொடுத்தால் போதும், அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி. எனக்கு அந்தக் கல்லில் பிடிக்காத வரி அதுதான். தன் கண் மலிவு என்று கேட்டவன் எப்படி ஆறுவான்?

கே: கண்ணகி செய்தது நீதியா, பழியா? (தமிழ் முதுகலை மாணவி, மதுரை)

ப: சிலம்பை உடைக்கும் வரை நீதி. அவள் வழக்கோடு போனாள், சாட்சியோடு போனாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று அவையிலேயே காட்டினாள். பாண்டியன் தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிரை விட்டான். உலகத்தில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு ஒப்புதல் கிடைத்திருக்கிறது? அதற்குப் பிறகு எரிந்த மதுரையை நான் நீதி என்று சொல்ல மாட்டேன், யாரை விட்டுவிட வேண்டும் என்று தீயிடம் அவள் பட்டியல் சொல்லியிருந்தாலும்.

ஆனால் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலிகொடுத்தான். பொய் சொன்னவன் ஒரே ஒரு பொற்கொல்லன். மற்றவர்கள் அதே தொழிலில் பிறந்ததைத் தவிர வேறென்ன செய்தார்கள்? தென்மாவட்டச் செய்திகளில் ‘பழிக்குப் பழி’ என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். வெட்டியவன் கிடைக்காவிட்டால் அவன் சாதிக்காரன் ஒருவன், அதுவும் பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒரு பையன்.

கே: என் அண்ணனை வெட்டியவர்கள் ஜாமீனில் வந்து எங்கள் தெருவிலேயே சுற்றுகிறார்கள். ‘இன்னும் சும்மாதான் இருக்கியா, நீயெல்லாம் ஆம்பிளையா’ என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். (பெயர், ஊர் வேண்டாம்)

ப: தம்பி, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதலில் செய்யக்கூடியவை: ஜாமீன் நிபந்தனையை அவர்கள் மீறினாலோ, உங்களையோ சாட்சிகளையோ மிரட்டினாலோ, ஜாமீனை ரத்து செய்யக் கேட்டு மனு போடலாம். வழக்கில் உங்கள் தரப்பைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அரசு வழக்கறிஞருக்கு உதவியாகச் சொந்த வழக்கறிஞரும் வைத்துக்கொள்ளலாம். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்று நாடு முழுதும் நடைமுறைப்படுத்தச் சொல்லியிருக்கிறது. அதற்கு விண்ணப்பியுங்கள். வழியோ காசோ இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அந்த அலுவலகம் பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

‘ஆம்பிளையா’ என்று கேட்கும் சொந்தக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் உள்ளே போனால் வாய்தாவுக்கு வாய்தா என் அம்மாவை நீதிமன்றத்துக்குக் கூட்டிவருவது யார்? அவர் பதில் சொல்லும் வரை காத்திருங்கள். உங்கள் அம்மாவுக்கு ஒரு பிள்ளை போனது. இன்னொரு பிள்ளை வேண்டும்.

கே: இந்த ஊர் அழுத்தத்தை மீறி எங்காவது பழிக்குப் பழி நின்றதுண்டா? (வாசகர், சிவகாசி)

ப: கொசோவோவில் நின்றது. அல்பேனியர்களின் பழைய வழக்கச் சட்டப்படி, ஒரு கொலைக்குப் பதில் கொலை குடும்பக் கடன். கடன்பட்ட வீட்டு ஆண்கள் வீட்டை விட்டு வெளியே தலைகாட்ட முடியாமல் கிடப்பார்கள். 1990-ல் கல்லூரி மாணவர்களும், நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியர் ஆன்டன் செட்டாவும் வீடு வீடாகப் போய், இறந்தவரின் தகப்பன் முன்னாலும் சகோதரன் முன்னாலும் உட்கார்ந்து பேசினார்கள். மே 1 அன்று வெராட் எ லூக்கஸ் என்ற இடத்தில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். கொலை விழுந்த வீட்டார் அந்தக் கூட்டத்தின் முன் வந்து நின்று, மக்கள் பெயரால் இரத்தப் பழியை விட்டுக்கொடுக்கிறேன் என்று சொன்னார்கள்.

கவனியுங்கள், அதை எதிரியிடம் சொல்லவில்லை, ஊரிடம் சொன்னார்கள். பழிவாங்காதவன் கோழை என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஊர், கைதட்டி அவனைப் பெரிய மனிதனாக்கியது. அந்த இயக்கத்தில் பல நூறு பகைகள் தீர்ந்தன. நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கூட்டம் கூட்டத் தெரியும். கொலை விழுந்த வீட்டின் முற்றத்தில் போய் உட்காரும் தைரியம் வேண்டும்.

கே: மன்னிக்கவே முடியவில்லை. என்ன செய்ய? (வாசகி, வேலூர்)

ப: மன்னிக்க வேண்டாம். பழிவாங்காமல் இருந்தால் போதும், இரண்டும் வேறு வேறு. பாகவதத்தில், தூங்கிக்கொண்டிருந்த தன் ஐந்து பிள்ளைகளையும் கொன்ற அசுவத்தாமன் கட்டுண்டு முன்னால் நிற்கும்போது, அவனை அவிழ்த்துவிடச் சொல்கிறாள் திரௌபதி. தன்னைப் போல அவன் தாயும் பிள்ளையை இழந்து அழக் கூடாது என்பது அவள் சொன்ன காரணங்களில் ஒன்று. கூந்தலை முடியாமல் சபதம் காத்தவளாக நம் கூத்து மேடைகள் கொண்டாடும் அதே திரௌபதி.

கே: நீங்கள் யாரையாவது பழிவாங்கியிருக்கிறீர்களா? (ஒரு வாசகி, திருச்சி)

ப: ஒருமுறை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அலைந்து திரிந்து எழுதிய கட்டுரையை, மேலே இருந்த ஒருவர் தன் பெயரில் போட்டுக்கொண்டார். பதினோரு வருடம் கழித்து அவருடைய கதை ஒன்று என் மேஜைக்கு வந்தது. பிரித்துப் படிக்காமலே திருப்பி அனுப்பினேன். அன்று சாயங்காலம் வரை சந்தோஷமாக இருந்தது. திருப்பி அனுப்பியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது, எதற்கு என்றும் தெரியாது. அந்தக் கதை எப்படி இருந்தது என்று எனக்கும் இன்றுவரை தெரியாது.