மார்க் வாங்க மாமன் சொல்லும் வழி

ஏலே மருமவனே, தூத்துக்குடியில கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் நடத்துற உனக்கு மார்க் சீட்டு ஆசை வந்திருக்காம்லா! மில்லுக்காரங்ககிட்ட தாளைக் குடுத்து, எங்க சேவை எப்படின்னு கேக்கப் போறியாம். கேளு. ஆனா மார்க் விழுற மாதிரி கேக்கணும்லா?

நீ அச்சடிச்சு வச்சிருக்கிற 22 கேள்வியும் லேசுப்பட்டதில்ல. சென்னை ஐஐடியில படிச்சு அமெரிக்கா போன பரசுராமன், கூட்டாளிக ரெண்டு பேரோட 1988-ல எழுதுனது. சர்வ்குவால்னு பேரு. எதிர்பாத்தது என்ன, கெடச்சது என்ன, ரெண்டையும் கழிச்சுப் பாக்கணும். உனக்குத் தோதான எடமே அந்தக் கழித்தல்தான். வேலையை ஒழுங்காச் செய்யிறதுதான் பாடு; எதிர்பார்ப்பைக் குறைக்கக் காசா பணமா? துறைமுகத்துல இருந்து நாலு நாள்ல வெளிய வர்ற கண்டெய்னர் பெட்டிக்கு, "பன்னெண்டு நாளாகும் அண்ணாச்சி"ன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கோ. பத்தாம் நாள் கொண்டு விட்டா கையெடுத்துக் கும்பிடுவாரு. நம்ம மூத்தவளுக்கு வெந்நி வைக்கவும் தெரியாதுன்னு சம்பந்திவீட்டுல முன்கூட்டியே சொல்லிவச்சு, வெறும் ரசத்துக்கே பேரு வாங்கிக் குடுக்கலையா உங்க அத்தை?

1992-ல கிரோனின், டெய்லர்னு ரெண்டு பேரு, எதிர்பார்ப்பை விடுங்க, கெடச்சதை மட்டும் அளங்கன்னு எழுதிப்புட்டாக. அவுக இருக்கிற பக்கம் தலைவச்சுப் படுத்துராதே.

ஆபீஸ் தோற்றத்துக்கும் மார்க் உண்டு. சோபா வாங்கிப் போடு. வேலை பிந்துனாலும் கவலைப்படாதே. கப்பல் வர்றதுக்கு முந்தின நாளே கஸ்டம்ஸ்ல பில் ஆஃப் என்ட்ரி போட்டிருக்கணும்னு 2021-ல சட்டத்தைத் திருத்திட்டாக. பிந்துனா முதல் மூணு நாளைக்குத் தினம் 5,000 ரூபா, அப்புறம் தினம் 10,000. உனக்கென்ன, கட்டுறவரு மில்லுக்காரருல்லா! இன்வாய்ஸ்ல ஒரு எடை, பில் ஆஃப் லேடிங்ல வேற எடை. உன் பையன் பாக்காமலே ஏத்திவிட்டுட்டானா? கேள்வி கேக்குற கஸ்டம்ஸ் ஆபீசர் இப்பல்லாம் எந்த ஊருல இருக்காருன்னே தெரியாது. பழியை அங்க தள்ளு.

சில நேரம் பழி நெசமாவே உன்னுது இல்லதான். கப்பல் லைன்காரன் டெலிவரி ஆர்டர் குடுக்காம இழுப்பான். ஆப்பிரிக்கப் பஞ்சுன்னா பிளான்ட் குவாரன்டைன்காரங்க பாத்துச் சொல்லணும். யாரால எத்தனை நாள் போச்சுன்னு பிரிச்சுக் கேக்க உன் தாள்ல கட்டமே இல்லையே! அது இருந்தா உன் பங்கும் தெரிஞ்சு போகும்னு விட்டுட்டியோ?

தாளை யாருக்குக் குடுக்கிற? கோவில்பட்டி மில்லுல முதலாளிக்குக் குடு, தீபாவளி ஸ்வீட்டோட. அவரு துறைமுக கேட்டைக்கூடப் பாத்ததில்ல; அஞ்சுக்கு அஞ்சு போட்டுருவாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு டிரெய்லருக்காகக் காத்துக் கெடக்கிற குடோன்காரன் ஒருத்தன் இருக்கான்லா, அவன்கிட்ட மட்டும் போயிராதே. மார்க்கெல்லாம் போட மாட்டான். ஒவ்வொரு பெட்டியும் எறங்குன தேதி, மில்லுக்கு வந்த தேதி, தாமதத்துக்குக் கட்டுன டெமரேஜ், டிடென்ஷன் எல்லாம் எழுதின நீள நோட்டை எடுத்து மேசையில போடுவான். அதுக்குப் பக்கத்துல உன் எதிராளி ஆபீசு கொண்டு வந்த பெட்டிக் கணக்கையும் எழுதி வச்சிருக்கான், பாத்துக்கோ.