சிட்டா இருக்கா, சொல்லுங்க!

கேள்வி: பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் வந்திருக்கிறது. எப்படிச் செலவழிக்கலாம்? (வாசகர், பாபநாசம்)

பதில்: நிதானமாக. ஆண்டுக்கு 6,000 என்றால் நாளுக்கு 16 ரூபாய் 44 காசு. கும்பகோணம் கடையில் டிகிரி காபியை அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2019-ல் இரண்டு ஹெக்டேர் வரம்பை எடுத்துவிட்டார்கள் என்பதால், மூன்று மா வைத்திருக்கும் உங்களுக்கும் மூன்று வேலிக்காரருக்கும் அதே தொகைதான். சமத்துவம் இப்படியும் வரும்!

கேள்வி: இருபது வருஷமாகக் கோயில் நிலத்தில் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறேன். எனக்கு ஏன் ஒரு பைசாகூட வரவில்லை? (வாசகர், திருவையாறு)

பதில்: பட்டா சாமி பேரில் இருக்கிறது. நிறுவனங்களின் நிலத்துக்குப் பணம் இல்லை என்பது விதி, அதனால் சாமிக்குத் தகுதி போச்சு. உங்கள் பேரில் நிலமே இல்லை, உங்களுக்கும் போச்சு. ஆகக் கணக்குப்படி அந்த வயலில் யாரும் உழவில்லை. நெல் தானாக விளைகிறது.

தஞ்சைப் பக்கம் கோயில், மடத்து நிலங்கள் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பாதிப் பேச்சு இன்னும் வாய்வார்த்தையில்தான் ஓடுகிறது; எழுதிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதோ என்ற பயம். ஒடிசாவின் 'காலியா' திட்டம் நிலமில்லாத குடும்பங்களையும் கணக்கில் சேர்த்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று மனுநீதி நாளில் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குச் சிட்டா வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு கெடுபிடி இருந்தும் 2020-ல் பி.எம். கிசானில் மோசடி எப்படி நடந்தது?

பதில்: தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், சுமார் 110 கோடி ரூபாய், சி.பி.சி.ஐ.டி. விசாரணை. பதிவு செய்யும் அதிகாரிகளின் பாஸ்வேர்டுக்கு மட்டும் யாரும் அடங்கல் கேட்கவில்லை.

கேள்வி: அமெரிக்காவில் பயிர் செய்யாமல் இருக்கவே பணம் தருகிறார்களாமே? (வாசகி, ஒரத்தநாடு)

பதில்: ஆமாம். 1985 முதல், மண் அரித்துப் போகும் நிலத்தில் புல்லும் மரமும் வளர்த்தால் அரசாங்கம் வருஷ வாடகை தருகிறது. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கவில்லை. எத்தனையோ வயல்களில் குறுவை இல்லாமல் நாமும் புல்தான் வளர்த்தோம். வாடகைப் பாக்கி இருக்கிறது.

கேள்வி: மானியத்தைவிட நெல்லுக்கு நல்ல விலை போதாதா?

பதில்: 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டால் சன்ன ரகம் 2,545, பொது ரகம் 2,500. விலை சரி, வாங்க வேண்டுமே! ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக்கூடாது. ரோட்டில் காயப்போட்ட நெல்லை வெறுங்காலால் துழாவி, கருக்கல் கண்டதும் படுதாவுக்கு ஓடியவன் நான். அந்த ஓட்டத்துக்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை. 2025 அக்டோபர் மழையில் கொள்முதலுக்குக் காத்துக் கிடந்த நெல் முளைவிட்டது. மத்தியக் குழு வந்து ஈரம் அளந்துவிட்டுப் போனது.

கேள்வி: மானியம் கொடுத்தால் விவசாயி சோம்பேறி ஆகிவிடுவான் என்கிறார் என் மருமகன். (வாசகர், அம்மாபேட்டை)

பதில்: மாப்பிள்ளையை ஒருநாள் விடியற்காலையில் நாற்றங்காலில் இறக்கிவிடுங்கள். பத்து முடி பறித்துக் கட்டட்டும், பிறகு பேசலாம். செல்போனை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேற்றில் விழுந்தால் அதற்குப் பயிர்க் காப்பீடு செல்லாது.