விறகும் முதுமாணியும்

கேள்வி: விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டேன். வனவியலில் முதுமாணி செய்ய ஆசை. "விறகு பொறுக்கவா இவ்வளவு படிப்பு?" என்கிறார் அம்மா. என்ன செய்ய? – ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: லயத்து அடுப்பில் எந்த விறகு புகையாமல் எரியும் என்பதில் அம்மா ஏற்கெனவே கலாநிதி, கேட்க உரிமை உண்டு. ஆனால் காடு வெறும் விறகல்ல: 1873இலேயே, 5,000 அடிக்கு மேலுள்ள காட்டில் கைவைக்காதீர்கள் என்று இலங்கைக்குச் சொன்னவர் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹூக்கர். நுவரெலியா 6,000 அடி. அங்கே பீதுருதாலகாலை மலைச் சரிவில் காடு இன்னும் நிற்கிறது. உங்கள் ஹட்டன் நாலாயிரத்துச் சொச்சம்தான். தேயிலை தின்றது போக மிச்சம் யூகலிப்டஸ்! அதைப் பார்க்கவும் படித்த ஆள் வேண்டாமா? ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியலுக்கும் சுற்றாடல் விஞ்ஞானத்துக்கும் ஒரு துறை இருக்கிறது. விண்ணப்பியுங்கள். அரச உத்தியோகம் கிடைத்தால் பாதி நாள் கோப்புகளோடுதான். பரவாயில்லை, அவையும் ஒருகாலத்தில் மரங்கள்தானே!