டைஸ் உருட்டும் மனுநீதிச் சோழர்

பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் நடக்கும் மாணவர் கூட்டத்தில் அவரை அடையாளம் காண்பது எளிது. பையில் லேப்டாப்புக்கு அடியில், எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பகடைகள் கலகலக்கும். நான்கு முகத்தில் தொடங்கி இருபது முகம்வரை. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடும் விடுதி அறைகளில் அவர் டி.எம்., அதாவது டஞ்சன் மாஸ்டர். கதை சொல்வது, எதிரிகளை ஆட்டுவிப்பது, தீர்ப்பு வழங்குவது மூன்றும் அவர் கையில். இத்தனை அதிகாரம் ஒருவரிடம் குவிந்தும் யாரும் வழக்குப் போடாத இடம் அந்த மேசை ஒன்றுதான். அவர் சர்வாதிகாரியாக இருந்தால்கூட உடன் ஆடும் மற்ற நால்வரும் சமாளித்துவிடுவார்கள். அவரோ நியாயவான்; சிக்கலே அங்கேதான்.

அவருடைய நியாயம் எக்செல்லில் இருக்கிறது. யார் ஒரு சுற்றில் சராசரியாக எவ்வளவு அடிக்கிறார் என்று கட்டம் போட்டு வைத்திருப்பார். ஐந்தாம் லெவலில் மந்திரவாதிக்கு ‘ஃபயர்பால்’ கிடைக்கிறது. எட்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டினால் சராசரி 28, அதுவும் வட்டத்துக்குள் நிற்கும் அத்தனை பேருக்கும். வாள்வீரன் ஆடுபவர் “என்ன மச்சி, அவனுக்கு மட்டும்?” என்று கேட்டதும் ஆராய்ச்சி மணி அடித்துவிட்டது. அடுத்த செஷனில் செத்துவிழும் முதல் பூதத்தின் இடுப்பிலேயே ஒரு மந்திர வாள் இருக்கும். அதைப் பார்த்துத் திருடன் முறையிடுவான். அவனுக்கு மாயக் காலணி. பிறகு மந்திரவாதியே முறையிடுவான். ஊதியக்குழு மாதிரி ஒருவருக்குத் தீர்த்த முரண்பாடு இன்னொருவருக்கு முரண்பாடாகும். கடைசியில் அந்நாட்டு அரசனிடமும் இல்லாத ஆயுதங்கள் நால்வரிடமும் சேர்ந்துவிட, ஈடுகட்டப் பூதங்களுக்கும் உயர்வு தர வேண்டிவரும். எல்லாரும் ஏறியபின் யாரும் ஏறவில்லை என்று எக்செல் காட்டும். அவர் திருப்தியுடன் தூங்குவார்.

இந்த வியாதி பொத்தேரியில் பிறந்ததல்ல. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட இந்த ஆட்டத்தின் முதல் பதிப்பில், முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம். அதையும் விட்டுவிட்டால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். உயர்ந்த லெவலில் அதே ஆள் வாள்வீரனை வேடிக்கை பார்க்க வைப்பான். 2008-ல் வந்த நான்காம் பதிப்பு இதைத் தீர்க்க முனைந்து, எல்லா வகையினருக்கும் ஒரே அச்சில் வார்த்த திறன்களைத் தந்தது. கணக்கு நேரானது, ஆனால் யாரை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று புதுப் புகார் கிளம்பியது. மாறாக, 1987-ல் வந்த ‘ஆர்ஸ் மாஜிகா’ என்ற வேறோர் ஆட்டம் மந்திரவாதிகளே வலியவர்கள் என்று ஒளிக்காமல் சொல்லி, ஆட்டக்காரர்கள் முறைவைத்து அந்த வேடத்தை ஏற்கச் சொன்னது. பலத்தை அது பங்கிடவில்லை, முறையைப் பங்கிட்டது.

நம் டி.எம். இதற்கு மசியமாட்டார். “ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு என்று முன்னோர்களே கணக்குப் போட்டிருக்கிறார்களே?” என்பார். போட்டார்கள்தான், அங்கே ஆடும் புலியும் எதிரெதிர்க் கட்சி, யாராவது ஒருவர் தோற்றாக வேண்டும், அதனால் வெல்லும் வாய்ப்பைச் சமன்செய்தே தீர வேண்டும். இங்கே நால்வரும் ஒரே கட்சி. இந்த மேசைக்குப் பொருத்தமான முன்னோர் தெருக்கூத்துக்காரர்கள். கூத்தில் அர்ச்சுனனிடம் காண்டீவம் இருக்கிறது, கட்டியங்காரனிடம் வாய் மட்டும்தான். ஆனாலும் விடியவிடிய மேடையில் அவனுக்கு உரிய பங்கு கிடைக்கிறது. அவனுக்கும் ஒரு காண்டீவம் கொடுத்துப் பாருங்கள், கூத்து கெட்டுவிடும்.

அப்படியானால் பலத்தைக் கண்டுகொள்ளவே வேண்டாமா என்றால், ஓரிடத்தில் வேண்டும்: ஒருவன் பிழைப்பில் இன்னொருவன் கைவைக்கும் இடத்தில். பூட்டைத் திறப்பது திருடன் தொழில். ‘நாக்’ மந்திரமும் பூட்டைத் திறக்கும். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்த மந்திரத்தைப் பறிக்கவில்லை; சொன்னால் 300 அடிக்குக் கேட்கும் சத்தத்தோடு திறக்கும் என்று வைத்தது. சத்தமில்லாமல் திறக்க வேண்டுமானால் திருடனைத்தான் கூப்பிட வேண்டும். யாருக்கும் கூடுதல் வாள் தராமல், ஒருவன் வேலையைக் காப்பாற்றிய விதி அது. நம்மவர் எக்செல்லில் ஒரு பத்தி போதும்: இன்று யாருடைய முடிவால் கதை திரும்பியது? அதில் வாரக்கணக்கில் காலியாக இருக்கும் பெயருக்குத்தான் அநீதி நடக்கிறது. கல்லூரியில் தன் 75 சதவீத அட்டெண்டன்ஸுக்காக அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு, இந்த வருகைப்பதிவு ஒன்றும் கடினமாக இராது.