மேற்கோள் மொய்

டெல்லி எய்ம்ஸ் வாசலில் விடியுமுன்பே வரிசையில் நிற்பவர்களுக்கு, உள்ளே இருக்கும் டாக்டரின் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்று தெரியாது. அவர்கள் கவலை ஓ.பி. சீட்டு. டாக்டருக்கோ ஓ.பி. முடிந்ததும் கட்டுரைக் கவலை. பதவி உயர்வுப் படிவத்தில் தொட்டுப் பார்த்த வயிறுகளுக்குக் கட்டம் கிடையாது. அச்சான கட்டுரைகளுக்கு உண்டு. 2018 முதல் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். மருத்துவத் தரவரிசையில் எய்ம்ஸ்தான் முதலிடம். அதிலும் கட்டுரை, மேற்கோள் கணக்கு உண்டு.

மேற்கோள்களை வைத்து ஆய்வாளரை அளக்கும் எச்-இன்டெக்ஸை 2005-இல் தந்த ஹோர்ஹே ஹிர்ஷ் வைத்தியரல்ல, இயற்பியலாளர். பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது பத்து மேற்கோள் என்றால் எச் பத்து. யார் மேற்கோள் காட்டினார், எதற்குக் காட்டினார் என்று அது கேட்பதில்லை. எனக்கு நீங்கள், உங்களுக்கு நான். கல்யாண வீட்டு மொய்தான். தன் கட்டுரைக்குத் தானே எழுதிக்கொள்ளலாம் என்பது கூடுதல் சௌகரியம்.

திட்டினாலும் வரவுதான். எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை லான்செட் இதழ் 2010-இல் முழுமையாக வாபஸ் வாங்கியது. அதன் பிறகும் மேற்கோள்கள் குவிகின்றன, பெரும்பாலும் கண்டனங்கள். மொய் எழுதுபவருக்கு அதெல்லாம் எதற்கு?