ஷாங்காயில் குடித்தனம்

கேள்வி: கணவருக்கு ஷாங்காயில் வேலை. மொழி தெரியாமல் அங்கே எப்படிக் குடித்தனம் நடத்துவது?

பதில்: தைரியமாகப் போங்கள். வாடகை வீட்டில் நுழைந்த 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் இருவர் பெயரையும் பதிந்துவிடுங்கள். கடையில் உங்களுக்குப் பதில் அலிபே, வீசாட் என்ற கைபேசிப் பணச்செயலிகள் பேசிக்கொள்ளும். கீரை விற்பவரும் கியூஆர் கோடைத்தான் நீட்டுவார். குப்பைதான் பெரிய பரீட்சை. 2019 ஜூலை முதல் நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும். அதிலும் கோழி எலும்பு ஈரக்குப்பை, மாட்டின் பெரிய எலும்பு உலர்குப்பை! தொட்டியருகே நிற்கும் பாட்டியிடம் கேளுங்கள். அவரைவிட நல்ல சீன வாத்தியார் கிடைக்கமாட்டார். வார இறுதியில் மக்கள் பூங்காவில், குடைமேல் பிள்ளையின் வயது, உயரம், சம்பளம் எழுதிவைத்துப் பெற்றோர் வரன் தேடுவார்கள். அங்கே மட்டும் கணவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.